ஒரு பக்க மூக்கடைப்பும் சைனஸுக்குள் வளரும் அரிய கட்டிகளும்: விவாத இழை

வாசகர் கேள்வி: 6 பிப்ரவரி 2023

என் தந்தைக்கு வயது 56. எட்டு மாதங்களாக வலப்பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு முறை கைக்குட்டையில் இரத்தம் பட்டது. முதலில் பார்த்த மருத்துவர் "சதை வளர்ந்திருக்கிறது, அடுத்த வாரமே எடுத்துவிடலாம்" என்றார். இரண்டாமவர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுத்துவரச் சொன்னார். அவற்றைப் பார்த்த பிறகே சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாராம், அறுவை சிகிச்சை அதற்கும் பிறகுதானாம். எப்படியும் எடுக்கப் போகிற சதையை எடுத்துவிட்டே பரிசோதித்தால் என்ன? இது வீண் தாமதம் என்றே எனக்குப் படுகிறது.

6 பிப்ரவரி 2023, இரவு

இரண்டாமவர் சொல்லும் வரிசையே சரி. நான் 22 ஆண்டுகளாகக் காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். அதில் பெரும்பகுதி சைனஸ் கட்டிகளோடுதான் கழிந்திருக்கிறது. சதை வளர்ச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாலிப் நாள்பட்ட அழற்சியால் வருவது. அழற்சி இரு பக்கச் சவ்வையும் தாக்குவதால் அது பெரும்பாலும் இரண்டு மூக்கிலும் இருக்கும், வெளிறிப் பளபளக்கும், தொட்டால் எளிதில் இரத்தம் வராது. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு இரத்தக் கசிவும் என்றால், வேறு எதுவோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கன்னம் மரத்துப்போதல், மேல்பல் ஆடுதல், ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிதல், காண்பவை இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஏதேனும் உங்கள் தந்தைக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் படம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், மூக்குக்குள் தெரியும் சில சதைகள் தொடவே கூடாதவை. பதின்ம வயது ஆண்களுக்கு வரும் ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் கட்டி நாரும் ஏராளமான இரத்தக்குழாய்களும் கலந்தது; அதில் ஊசிமுனை அளவு கிள்ளினாலும் இரத்தம் பீறிடும். குழந்தையின் மூக்கில் மேலிருந்து தொங்கும் வழவழப்பான கட்டி, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள துளை வழியாக இறங்கிவந்த மூளைச் சவ்வாகவோ மூளைத் திசுவாகவோ இருக்கலாம். அதை வெட்டினால் மூளைத்தண்டுவட நீர் கசியும், தொற்று மேலே ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். மூக்கின் பின்கோடியில் உள்ள ஸ்பீனாய்டு சைனஸில் துருத்திக்கொண்டு நிற்பது, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் புடைப்பாக இருந்தால், துண்டு எடுக்கும் அந்த நொடியிலேயே உயிர் போகலாம். படம் எடுக்க ஆகும் சில நாள்களை வீண் என்று நினைக்காதீர்கள்.

7 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், இவையெல்லாம் பாடநூல் எச்சரிக்கைகள்தானே, உண்மையில் யாருக்காவது நடந்திருக்கிறதா என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். நடந்திருக்கிறது, நான் உடன் நின்றிருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில், புறநோயாளர் அறையில், 15 வயதுச் சிறுவன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடப்பக்க மூக்கு ஆறு மாதமாக அடைப்பு, அவ்வப்போது மூக்கில் இரத்தம். உள்ளே ரோஜா நிறத்தில் வழவழப்பான கட்டி தெரிந்தது. மூத்தவர் ஒருவர் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, இடுக்கியால் அதன் நுனியைப் பற்றினார். இடுக்கி மூடிய கணத்தில் எதுவும் நடக்கவில்லை. அதை வெளியே இழுத்ததும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் கொட்டியது. என் கையில் இருந்த சிறுநீரக வடிவக் கிண்ணம் நான் எண்ணத் தொடங்கும் முன்பே நிரம்பியது. மூக்கின் பின்புறத்தில் பலூன் குழாயை வைத்து ஊதி, முன்புறம் துணிநாடாவை அழுத்தி அடைத்து, இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிய பிறகே நின்றது. சிறுவன் பிழைத்துக்கொண்டான். பிறகு எடுத்த சி.டி.யில் மேல்தாடை சைனஸின் பின்சுவர் வில்லாக முன்னோக்கி வளைந்திருந்தது. அந்த ஒரு வளைவே நோயின் பெயரைச் சொல்லியிருக்கும். கிள்ளிப் பார்க்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இப்படிப்பட்ட கட்டிக்கு இன்று நாங்கள் செய்வது இதுதான்: அறுவைக்கு ஓரிரு நாள் முன்னதாக, தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தம் தரும் மேல்தாடைத் தமனியின் கிளைகளை நுண்துகள்களால் அடைத்துவிட்டு, அதன் பிறகு எண்டோஸ்கோப் வழியாக எடுக்கிறோம்.

9 பிப்ரவரி 2023

சி.டி. இருக்க எம்.ஆர்.ஐ. எதற்கு என்பது அடுத்த கேள்வி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. சி.டி. எலும்பைக் காட்டும்: சுவர் மெலிந்திருக்கிறதா, அரிக்கப்பட்டிருக்கிறதா, ஓரிடத்தில் தடித்து முளைபோல நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் சைனஸுக்குள் நிரம்பியிருக்கும் சாம்பல் நிறத்தில் எது கட்டி, எது கட்டியின் பின்னால் வடிய வழியின்றித் தேங்கிய சளி என்பதைச் சி.டி. பிரித்துச் சொல்லாது. எம்.ஆர்.ஐ. அதைச் சொல்லும். படத்தைத் தெளிவாக்கும் மருந்தை நாளம் வழியாகச் செலுத்தியபின் கட்டி ஒளிரும். தேங்கிய சளி ஒளிராது, அதைச் சுற்றிய சவ்வு மட்டும் மெல்லிய கோடாக ஒளிரும். சி.டி.யில் மேல்தாடை, கண்களுக்கு இடையிலுள்ள எத்மாய்டு, நெற்றி என்று மூன்று சைனஸ்களும் கட்டியால் நிரம்பியதாகத் தோன்றி, எம்.ஆர்.ஐ.யில் கட்டி எத்மாய்டில் மட்டும் இருந்து, மற்ற இரண்டிலும் வெறும் சளியே தேங்கியிருந்த நோயாளிகள் எனக்குப் பலர். அறுவையின் அளவே அங்கே மாறிவிடுகிறது.

எம்.ஆர்.ஐ.யும் தனியாக நின்றால் ஏமாற்றும். பூஞ்சை நிரம்பிய சைனஸ் டி2 என்னும் எம்.ஆர்.ஐ. பட வகையில் கன்னங்கரேலென்று, காற்று நிரம்பிய வெற்றுச் சைனஸ் போலவே தெரியும். சி.டி.யை அருகில் வைத்துப் பார்க்காதவர் "இந்த சைனஸ் நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார். சி.டி.யிலோ அதே இடம் நிரம்பி, நடுவே வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். நார் எலும்பு மாற்றம் என்னும் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா இதற்கு நேர்மாறு: எம்.ஆர்.ஐ.யில் கொடிய கட்டிபோல அச்சுறுத்தும், சி.டி.யில் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடியின் மங்கலான வெண்மையோடு "நான் எலும்புதான்" என்று காட்டிக்கொள்ளும். பார்வை நரம்பை நெருக்காத வரையில் அதைப் பெரும்பாலும் கத்தி வைக்காமல் கவனித்து வந்தாலே போதும்.

சி.டி.யில் எலும்பு தடித்து முளைத்திருக்கும் இடத்தில்தான் கட்டியின் வேர் இருக்கும். அறுவைக்கு முன் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

10 பிப்ரவரி 2023

நேற்றைய கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். "வேர் இருக்கும்" என்று உறுதியாக எழுதியது தவறு. "பெரும்பாலும் இருக்கும்" என்பதே சரி. இன்வர்ட்டட் பாப்பிலோமா என்னும் கட்டிக்குத்தான் இந்தக் குறி பொருந்தும், அதற்கும் எப்போதும் பொருந்துவதில்லை. பல ஆண்டுகள் அழற்சியில் கிடந்த சைனஸின் எலும்பும் தடிக்கும். முன்பு அறுவை நடந்த சைனஸிலும் தடிக்கும். படம் காட்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வேரைக் கண்டுபிடித்த நாள்கள் எனக்கு உண்டு.

1 மார்ச் 2023

கேள்வி கேட்டவர் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் வரிகளை எழுதியிருக்கிறார்: வலப்பக்க மேல்தாடை சைனஸிலிருந்து மூக்குக்குள் நீளும் கட்டி, மூளையின் மடிப்புகளைப் போல அலையலையான கோடுகள். இந்த அமைப்பைப் பார்த்ததும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்வர்ட்டட் பாப்பிலோமா. துண்டு எடுத்துப் பார்த்ததிலும் அதுவே வந்திருக்கிறதாம். தொடக்கத்தில் அவர் விரும்பியபடி சதையை மட்டும் பறித்து எடுத்திருந்தால், மூக்கு சில மாதம் திறந்திருந்து மறுபடி அடைத்திருக்கும். இப்போது அது அவருக்கும் புரிந்திருக்கிறது.

இந்தக் கட்டி ஏன் அப்படி என்று சொல்கிறேன். மூக்கின் சளி மூளையிலிருந்து வடிகிறது என்று பன்னெடுங்காலமாக நம்பப்பட்டுவந்ததை மறுத்து, அது மூக்கின் சவ்விலேயே சுரக்கிறது என்று 17-ஆம் நூற்றாண்டில் காட்டியவர் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர். மூக்கையும் சைனஸையும் போர்த்தியிருக்கும் அந்தச் சவ்வு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்தச் சவ்வில் பிறக்கும் இக்கட்டி வெளியே புடைத்து வளர்வதோடு நிற்காமல், தன் மேலடுக்கையே உள்நோக்கி மடித்து அடித்திசுவுக்குள் விரல்விரலாக இறங்குகிறது. 1938-இல் நோய்க்குறியியலாளர் ரிங்கர்ட்ஸ் இந்த உள்மடிப்பை நுண்ணோக்கியில் விவரித்த பிறகே இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது விளங்கியது. கட்டி தெரியும் அளவுக்கு எடுத்தாலும் எலும்பின் நுண்பள்ளங்களில் அதன் விரல்கள் தங்கிவிடுகின்றன.

இது புற்றுநோய் அன்று. ஆனால் நோயாளிகளில் 5 முதல் 15 விழுக்காட்டினரிடம், கட்டியோடு சேர்ந்தோ பின்னாளிலோ, புற்றுநோய் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் சிறு துண்டின் அறிக்கையோடு நாங்கள் அமைதியடைவதில்லை. எடுத்த கட்டி முழுவதையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

2 மார்ச் 2023

முந்தைய குறிப்பில் "கட்டி முழுவதையும்" என்று எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. இன்வர்ட்டட் பாப்பிலோமா சில நேரம் சாதாரண பாலிப்களுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். முன்னே தொங்கும் பாலிப்பைக் கிள்ளினால் "அழற்சி பாலிப்" என்றே அறிக்கை வரும். அறிக்கையில் பிழை இல்லை, துண்டு எடுத்த இடத்தில்தான் பிழை. இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனிப் புட்டியில் இட்டு அனுப்பச் சொல்லி நான் உதவியாளர்களிடம் வற்புறுத்துவது இதற்காகத்தான். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் கலந்து அனுப்பிவிட்டு, பிறகு ஏதேனும் தென்பட்டால், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

11 மார்ச் 2023

இன்னொரு வாசகர்: "என் அக்காவின் சி.டி.யில் எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது என்று இருக்கிறது, அப்படியென்றால் புற்றுநோய்தானே?" இல்லை, அப்படி முடிவுகட்ட முடியாது.

அரிப்பில் இரு வகை உண்டு. மெதுவாக வளரும் பொருள் சுவரைத் தள்ளித் தள்ளி மெலிதாக்கும். எலும்பு பலூன்போல வளைந்து, ஓரம் வழவழப்பாக இருக்கும். வாய் அடைபட்ட சைனஸில் சளி சேர்ந்து பெருகும் மியூக்கோசீல் இப்படித்தான் நெற்றி எலும்பையும் கண்குழியின் கூரையையும் தள்ளுகிறது. கண் கீழிறங்கி, முன்னே பிதுங்கி வந்திருக்கும் நோயாளிக்கு, எண்டோஸ்கோப் வழியாக அதன் சுவரை அகலமாகத் திறந்துவிட்டாலே போதும். கெட்டியான சளி வடிந்து, சில வாரத்தில் கண் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். புற்றுநோயோ எலும்பைக் கரையான் அரித்ததுபோலக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே குழப்பும் நோய்கள் இருக்கின்றன.

41 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தபோது, அவருடைய கோப்பில் "மேல்தாடைப் புற்றுநோய் ஐயம்" என்று மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. சைனஸ் நிரம்பியிருந்தது, மூக்கை ஒட்டிய சுவர் முழுவதும் காணவில்லை, மாதக்கணக்கில் இரத்தக் கசிவு. முன்பு இரண்டு முறை துண்டு எடுத்தும் உறைந்த இரத்தமும் இறந்த திசுவும்தான் வந்திருந்தன. புற்றுநோயின் நடுப்பகுதி அழுகினாலும் அப்படியே வரும் என்பதால் யாரும் நிம்மதியடையவில்லை. வெளிப்புறம் வெட்டித் தாடையின் ஒரு பகுதியையே எடுப்பது பற்றி அவரிடம் பேசியும் இருந்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டியைச் சுற்றிக் கருப்பு விளிம்பு ஒன்று ஓடியது. உள்ளே பழையதும் புதியதுமான இரத்தத்தின் நிறங்கள் அடுக்கடுக்காக இருந்தன. எண்டோஸ்கோப் வழியாகத் திறந்தபோது, வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகப் பழுப்பு நிறக் கட்டிகள் உரிந்து வந்தன. சுவரில் எங்கும் வேர் இல்லை. உறைந்து, நாராகி, மீண்டும் மீண்டும் உள்ளுக்குள் கசிந்து பெருத்த இரத்தக்கட்டி அது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தாடையை வெட்ட வேண்டியதில்லை என்று மயக்கம் தெளிந்த பிறகு நான் சொன்னதும், அவர் தம் கன்னத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆகவே அக்காவுக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள், போதிய அளவு திசு எடுக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு நோயின் பெயரைப் பேசலாம்.

14 மார்ச் 2023

மேலே எழுதியது ஒருபக்கமாகப் போய்விட்டது என்று இரண்டு நாளாக உறுத்துகிறது. துண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் கொடிய நோயாக முடிந்ததைச் சொல்லாமல் விட்டால், நான் தவறான ஆறுதல் கொடுத்தவன் ஆவேன்.

மூக்கின் நடுச்சுவரையும் அண்ணத்தையும் அரித்துக்கொண்டு போகும் ஒருவகை நிணநீர்ப் புற்று இருக்கிறது; இயற்கைக் கொல்லி அணுக்களிலிருந்து பிறப்பது, எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ளது. இரத்தக்குழாய்களையே தாக்குவதால் திசு பெருமளவில் இறந்து, பொருக்கும் நாற்றமுமாக இருக்கும். அப்படி ஒருவருக்கு நான் நான்கு முறை துண்டு எடுத்தேன். நான்கிலும் "இறந்த திசு, அழற்சி" என்றே வந்தது. ஐந்தாம் முறை மயக்கம் கொடுத்து, பொருக்கை எல்லாம் அகற்றி, உயிருள்ள திசு தொடங்கும் ஓரத்திலிருந்து ஆழமாக எடுத்து, ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் பச்சையாகவே ஆய்வகத்துக்குக் கையோடு அனுப்பினேன். அதில்தான் தெரிந்தது. இரண்டாம் முறையிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். அவருக்கு ஏழு வாரங்கள் வீணாயின. இதற்கு வெட்டி எடுக்கும் அறுவை மருந்தாகாது, கதிர்வீச்சும் மருந்துமே சிகிச்சை. இரத்தக்குழாய் அழற்சியான ஜி.பி.ஏ. என்னும் நோயும் இதே தோற்றத்தில் வரும். அதற்கு இரத்தத்தில் ஏ.என்.சி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கும் சிகிச்சை மருந்துதான்.

18 ஏப்ரல் 2023

அடுத்த வாரம் அறுவை, உள்ளே என்னதான் செய்வார்கள் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் செய்வதைச் சொல்கிறேன். அவருடைய மருத்துவர் சிறிது வேறாகச் செய்யலாம்.

தலையைப் பதினைந்து, இருபது பாகை உயர்த்திப் படுக்கவைப்போம். இரத்தம் கீழே வடிந்து மூக்கில் கசிவு குறையும். மயக்க மருந்தை நாளம் வழியாகவே தொடர்ந்து செலுத்தி, இதயத்துடிப்பை மெதுவாக வைத்திருக்கும்படி மயக்கவியல் நிபுணரைக் கேட்டுக்கொள்வோம். அட்ரினலினில் நனைத்த பஞ்சுத் துண்டுகளை மூக்குக்குள் வைத்துப் பத்து நிமிடம் காத்திருப்போம். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்தால் அறுவை முழுவதும் அதன் விலையைக் கொடுக்க நேரும் என்பது என் அனுபவம். எண்டோஸ்கோப்பின் முனையில் ஒரு சொட்டு இரத்தம் படிந்தாலும் திரை முழுதும் சிவப்பாகிவிடும்.

முதலில் மூக்கில் தொங்கும் பகுதியைச் சுழலும் கத்தி கொண்ட உறிஞ்சுகுழாயால் குறைப்போம். உறிஞ்சப்பட்ட திசு முழுதும் ஒரு வலைப்பையில் சேர்ந்து ஆய்வகத்துக்குப் போகும். இப்படித் துண்டுதுண்டாக எடுப்பது சரியா, கட்டியை முழுசாக எடுக்க வேண்டாமா என்று பலர் கேட்பதுண்டு. சுவரில் ஒட்டாமல் காற்றில் தொங்கும் பகுதியைத் துண்டாக்குவதால் கேடு இல்லை. வேர் இருக்கும் இடத்தைத்தான் துண்டாக்காமல், சுற்றிலும் நல்ல சவ்வை விளிம்பாக விட்டு, எலும்புறையோடு சேர்த்து உரிக்க வேண்டும். உரித்த பிறகு வெறும் எலும்பு தெரியும்; அது தந்த நிறத்தில், சிறுசிறு புள்ளிக்குழிகளோடு இருக்கும். அந்தக் குழிகளில்தான் கட்டி தங்குகிறது. வைரப்பொடி பதித்த உருண்டை முனைத் துளைக்கருவியால், நீரைப் பாய்ச்சிக்கொண்டே, குழிகள் மறைந்து எலும்பு வழவழப்பாகும் வரை தேய்ப்பேன். விளிம்புத் திசுவை உறையவைத்து உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்து, நோய்க்குறியியல் நிபுணர் "இல்லை" என்று சொன்ன பிறகே நிறுத்துவேன்.

மேல்தாடை சைனஸின் முன்சுவரில் வேர் இருந்தால், அதன் இயல்பான வாய் வழியாக எந்தக் கோண எண்டோஸ்கோப்பும் கருவியும் அங்கே சரியாக எட்டாது. கண்ணீர்க் குழாய்க்கு முன்னால் எலும்பில் வாசல் வைத்து, குழாயையும், மூக்கின் பக்கச்சுவரில் மடல்போல நீளும் கீழ் டர்பினேட்டையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நுழையும் முறை இன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் இரண்டையும் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம். இந்த அறுவைகளுக்குப் பிறகு கன்னமோ மேலுதடோ பற்களோ சில மாதம் மரத்திருக்கலாம்; அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

6 மே 2023

அறுவை முடிந்து, முழுக் கட்டியையும் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்று எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. உப்பு நீரால் கழுவுவதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். தேய்த்த எலும்பின் மேல் புதுச் சவ்வு படரும் வரை பொருக்குக் கட்டிக்கொண்டே இருக்கும்.

23 ஜூன் 2023

மரவேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார், தூசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று. இன்வர்ட்டட் பாப்பிலோமாவைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. எத்மாய்டு சைனஸில் வரும் அடினோகார்சினோமா என்னும் புற்றுக்கும் மரத்தூளுக்கும் உள்ள தொடர்பு மிக உறுதியானது. 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மரச்சாமான் செய்யும் தொழிலாளர்களிடையே இந்த அரிய புற்று அளவுக்கு மீறித் தென்பட்டதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஓக், பீச் போன்ற கடின மரங்களின் நுண்தூளே முதன்மையான குற்றவாளி. தூளுக்கும் நோய்க்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்திருக்கும். எனவே உங்களுக்கு என் வேண்டுகோள்: முகமூடியையும் தூசி உறிஞ்சியையும் இன்றே பயன்படுத்துங்கள், ஒரு பக்க மூக்கு அடைத்தால், செய்யும் தொழிலை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நான் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

2 செப்டம்பர் 2023

ஏப்ரல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் எண்டோஸ்கோப் வழியாகவே முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அதனால் ஒரு நோயாளிக்குக் குறை வைத்தேன்.

நெற்றி சைனஸில் இன்வர்ட்டட் பாப்பிலோமா இருந்த ஒருவருக்கு, இரு பக்க நெற்றி சைனஸ்களின் அடித்தளத்தையும் இணைத்து, ஒரே பெரிய வாசலாக்கி உள்ளிருந்தே கட்டியை எடுத்தேன். வேர், கண்குழியின் கூரைமேல், பக்கவாட்டில் வெகுதொலைவில் இருந்தது. வளைந்த துளைக்கருவியின் முனை அந்த இடத்தைத் தொட்டது. ஆனால் அழுத்தித் தேய்க்கும் அளவுக்கு எட்டவில்லை. தொட்டதையே தேய்த்ததாக எடுத்துக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் ஒன்றும் இல்லை. ஏழாம் ஆண்டில் நெற்றி கனக்கிறது என்று வந்தார். படத்தில் அதே இடத்தில் கட்டி. இரண்டாம் முறை தலைமுடிக் கோட்டுக்குப் பின்னால் கீறி, நெற்றி எலும்பின் முன்சுவரைக் கதவுபோலத் திறந்து, நேராகக் கண்ணால் பார்த்துத் தேய்த்தேன். முதல் முறையே இரண்டு வழியையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கருவி எட்டாத இடத்துக்கு வெளியிலிருந்து வழி திறப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் நெற்றி சைனஸ் கட்டி என்றால், வெளிக்கீறலுக்கும் சேர்த்தே ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

மண்டையோட்டின் அடித்தளத்தைத் துளைக்கும் கட்டிகளுக்கும் இதே கேள்வி எழுகிறது. வாசனை நரம்பிலிருந்து பிறக்கும் நியூரோபிளாஸ்டோமா, மூக்கில் பாதியும் மூளைப்பக்கம் பாதியுமாக, இடை சிறுத்த உடுக்கைபோல வளரும். முன்பு முகத்தையும் மண்டையையும் இருபுறமும் திறந்தே எடுத்தார்கள். 2006-இல், மூக்கு நடுச்சுவரின் சவ்வை அதன் தமனியோடு சேர்த்து உரித்து மண்டை அடித்தளத் துளையின்மேல் போர்த்தும் முறை வெளியானது. அதற்குப் பிறகு மூளைநீர்க் கசிவு வெகுவாகக் குறைந்தது, மூக்கு வழியாகவே பலவற்றை எடுக்கத் துணிந்தோம். மூளைத் திசுவுக்குள் அகலமாகப் பரவியதற்கு இன்றும் நரம்பியல் அறுவை நிபுணரோடு சேர்ந்து மேலிருந்துதான் திறக்கிறோம்.

20 ஜனவரி 2024

நோயின் பெயரும் காலத்தோடு மாறுகிறது. 2010-இல் நான் எடுத்த ஒரு கட்டியின் அறிக்கை "மெதுவாக வளரும் ஃபைப்ரோசார்கோமா" என்று இருந்தது. அந்த அம்மாவுக்குக் கடந்த மாதம் அதே இடத்தில் திரும்பி வந்தது. புதிய துண்டைப் பார்த்த நோய்க்குறியியல் நிபுணர், பழைய திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தார். நரம்புக்கும் தசைக்கும் உரிய சாயங்கள் இரண்டையும் ஒரே அணுக்கள் ஏற்றிருந்தன. மரபணுச் சோதனையில் பாக்ஸ்3 என்னும் மரபணு இடம்மாறியிருந்தது. 2012-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, பைஃபினோடிபிக் சார்கோமா என்று இன்று வழங்கும் கட்டி அது. 2010-இல் அந்தப் பெயரே இல்லை. அன்று அறிக்கை எழுதியவர்மேல் பிழை சொல்ல வழியில்லை. ஆனால் பழைய சில்லும் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையும் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் இப்போது சரியான பெயரும், தேவையற்ற மருந்தைத் தவிர்க்கும் முடிவும் கிடைத்தன. அரிய கட்டி என்று அறிக்கை வந்தவர்கள், சிகிச்சை தொடங்குமுன் சைனஸ் கட்டிகளை நிறையப் பார்க்கும் இன்னொரு நிபுணரிடமும் சில்லைக் காட்டக் கேட்பதில் தவறே இல்லை.

27 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் ஓராண்டுக்குப் பிறகு எழுதியிருக்கிறார். எண்டோஸ்கோப்பில் சைனஸ் சுவர் முழுதும் சவ்வு படர்ந்திருக்கிறதாம். ஓரிடத்தில் அரிசி அளவு தடிப்பு இருந்ததால் துண்டு எடுத்தார்களாம், புண் ஆறும்போது வளரும் வெறும் சதைதான் என்று அறிக்கை வந்திருக்கிறது. கன்னத்தின் மரப்பு போய்விட்டது, ஒரு பல்லில் மட்டும் இன்னும் இருக்கிறது. இனி எத்தனை ஆண்டு வர வேண்டும் என்று தந்தை கேட்கிறாராம்.

திரும்பி வருபவற்றில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும். ஆனால் ஏழாம் ஆண்டில் வந்தவரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். ஐந்தாண்டு கட்டாயம், அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்வதே என் வழக்கம். ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள்: அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி, அதில் வேர் எந்தச் சுவரில் இருந்தது என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வேறொருவர் எண்டோஸ்கோப்பைப் பிடிக்கும்போது, அவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.